கடிதங்கள் காட்டும் நீதியரசர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நாமும் அதைத்தான் பேசப் போகின்றோம். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுத் தொலைவிலிருந்து வருவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் தலைமை நீதிபதியாகிய ஜான் ஜே என்பார் எழுதிய கடிதங்களையும், அவர் வீட்டார் எழுதிய கடிதங்களையும் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒரு வெள்ளை நீதிபதியின் கடிதக் கட்டுக்கும், சேரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வர எழுந்த இக்கழகத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பொறுத்துக் கேட்டால் உறவு தானே விளங்கும்.

ஜான் ஜே 1745 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் நியூயார்க் நகரில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரின் கிங்ஸ் கல்லூரியில் பயின்று 1764 இல் பட்டம் பெற்றார். 1768 இல் வழக்கறிஞரானார். 1774 இல் சாரா லிவிங்ஸ்டன் என்னும் நங்கையை மணந்தார். விடுதலைப் போர்க் காலத்தில் அந்நாட்டுப் பேரவையின் தலைவராகவும், பின்னர் ஸ்பெயின் நாட்டுக்குத் தூதராகவும் பணியாற்றினார். இங்கிலாந்தோடு 1783 இல் பாரிஸ் நகரில் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் இவரும் ஒருவர். 1789 முதல் 1795 வரை தலைமை நீதிபதி. 1795 முதல் 1801 வரை நியூயார்க் மாநில ஆளுநர். பின்னர் பெட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் இருந்த தம் பண்ணையில் வாழ்ந்து 1829 இல் மறைந்தார்.

இத்தகைய ஒருவர் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதில் வியப்பில்லை. தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலம். அரசு நடந்ததும் கடிதத்தால். குடும்பம் நடந்ததும் கடிதத்தால். ஜே தாம் அனுப்பிய பல கடிதங்களின் வரைவுகளைத் தம்மிடமே வைத்திருந்தார். அவர் வழிவந்தோரும் அவற்றைப் பேணிக் காத்தனர். மகன் வில்லியம் ஜே 1833 இல் தந்தையின் வரலாற்றைக் கடிதங்களோடு இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1890 ஆம் ஆண்டு தொடங்கி நான்கு தொகுதிகள் வந்தன. நம் காலத்தில், 2010 முதல், ஏழு பெருந்தொகுதிகள் வெளிவந்துள்ளன. காகிதத்தை எறியாமல் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பழக்கத்தால் ஒரு நாட்டின் வரலாறு பிழைத்தது.

முதலில் அவருடைய அலுவற் கடிதங்களைக் காண்போம்.

அந்நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தலைநகரிலேயே அமர்ந்திருக்க முடியாது. ஆண்டுக்கு இருமுறை குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று சுற்று நீதிமன்றங்களை நடத்த வேண்டும். 1792 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீதிபதிகள் அனைவரும் சேர்ந்து குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் விடுத்தனர். உடல் துன்பத்தைச் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. கீழ் மன்றத்தில் தாமே அளித்த தீர்ப்பின் பிழையை மேல் மன்றத்தில் தாமே அமர்ந்து திருத்துவது நடுநிலைக்குப் பொருந்துமா என்றும் கேட்டனர். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு அவர்கள் சுமை குறைக்கப்பட்டது.

1793 இல் இன்னொரு கடிதம். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. அமெரிக்கா நடுநிலை வகித்தது. அதில் எழுந்த சட்டச் சிக்கல்களை 29 வினாக்களாக்கி அரசு நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டது. நீதிபதிகள் ஆகஸ்டு 8 ஆம் நாள் மிகுந்த பணிவோடு மறுமொழி எழுதினர். அரசின் மூன்று உறுப்புகளும் தனித்தனியே நிற்க வேண்டும். வழக்காக வராத வினாவுக்கு நீதிமன்றத்துக்கு வெளியே விடை கூறுதல் தகாது என்பது அதன் சாரம். வாஷிங்டன் ஜேயின் நண்பர். அவரைத் தலைமை நீதிபதியாக்கியவரும் அவரே. ஆயினும் நட்பு வேறு, நீதி வேறு என்று அக்கடிதம் கோடு கிழித்தது. அந்நாட்டின் நடுவண் நீதிமன்றங்கள் இன்றும் அக்கோட்டைத் தாண்டுவதில்லை. நம் அரசியலமைப்போ 143 ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க இடம் தருகின்றது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சட்டம் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும்.

இனி வீட்டுக் கடிதங்கள். 1792 இல் ஜே ஆளுநர் தேர்தலில் நின்றார். சில மாவட்டங்களின் வாக்குகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டமையால் தோற்றார். அப்போது அவர் சுற்று நீதிமன்றப் பயணத்தில் இருந்தார். செய்தியை எழுதியவர் மனைவி சாரா. ஜே எழுதிய மறுமொழியின் கருத்து இது: சில ஆண்டுகளில் நாம் அனைவரும் மண்ணாவோம், அப்போது மாநிலத்தை ஆண்டதைவிட நம்மை நாம் ஆண்டதே பெரிதாக நிற்கும். தோல்வியுற்ற நாளில் இப்படி எழுத முடிந்தவர் பண்பாளர் என்பதில் ஐயமில்லை.

இவ்வளவில் நிறுத்தினால் ஓர் உத்தமரின் வரலாறாக இது முடிந்துவிடும். மாலையிட்டு வணங்கி நாம் வீட்டுக்குச் செல்லலாம். ஆனால் கடிதக் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை, அன்பர்களே!

ஜேயின் தந்தையார் நியூயார்க்கில் அடிமைகளை வைத்திருந்தவர்களுள் ஒருவர். ஜேயும் அடிமைகளை வைத்திருந்தார். அதே ஜே அடிமை முறை தவறு என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1780 செப்டம்பரில் ஸ்பெயினிலிருந்து எக்பர்ட் பென்சன் என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். பென்சில்வேனியா மாநிலம் அவ்வாண்டு அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் செய்திருந்தது. அமெரிக்காவும் அதைச் செய்யும் வரை, விடுதலை வேண்டி அது கடவுளிடம் செய்யும் வேண்டுதல் பாவமே என்று எழுதினார். தாம் சட்டமன்றத்தில் இருந்தால் அத்தகைய மசோதாவைக் கொண்டுவந்து, அது சட்டமாகும் வரை ஓயமாட்டேன் என்றும் எழுதினார். 1785 இல் ரிச்சர்டு பிரைஸ் என்னும் ஆங்கில அறிஞருக்கு எழுதியபோது, தம் விடுதலைக்குப் போராடிக்கொண்டே பிறரை அடிமையாக வைத்திருப்பது முரண் என்றும் அநீதி என்றும் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு தெளிவாக எழுதியவர் வீட்டில் என்ன நடந்தது? அதையும் கடிதங்களே சொல்கின்றன.

1779 இல் ஸ்பெயினுக்குக் கப்பலேறியபோது ஜே குடும்பத்தார் அபிகயில் என்ற கறுப்பினப் பெண்மணியை வேலைக்கென உடன் அழைத்துச் சென்றனர். வீட்டார் அவரை ஆபி என்று அழைத்தனர். அவர் அக்குடும்பத்தின் அடிமை. கணவனை அமெரிக்காவில் விட்டுப் பிரிந்து வந்தவர். சாரா தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு சிறு செய்தி இருக்கின்றது: ஆபி நலம், தனக்கு இன்னும் கணவன் இருக்கின்றானா என்று அறிய விரும்புகின்றாள். இவ்வளவே. ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்த பெரும் வினா மற்றொருவர் கடிதத்தில் ஒற்றை வரியாக அடங்கிவிட்டது. அதற்கு விடை வந்திருந்தாலும் அதைப் பிறர்தான் படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

1783 இல் குடும்பம் பாரிஸ் நகரை அடுத்து வாழ்ந்தது. ஜே இங்கிலாந்துக்குச் சென்றிருந்தார். அவ்வேளையில் அபிகயில் வீட்டைவிட்டு வெளியேறினார். சலவைத் தொழில் செய்த ஆங்கிலப் பெண்மணி ஒருவரிடம் கூலிக்கு வேலை செய்யச் சென்றார். காவலர் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தனர். இதற்கு உதவியவர் பெஞ்சமின் பிராங்கிளினின் பேரர். வீட்டுக்குத் திரும்ப அபிகயில் இசையவில்லை. சிறிது காலம் அங்கேயே இருக்கட்டும் என்று பெரியவர் பிராங்கிளின் அறிவுரை கூறினார்.

ஜே இங்கிலாந்திலிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று விளங்கவில்லை என்கின்றார். ஒழுங்காக நடந்துகொண்டால் அமெரிக்கா திரும்பியதும் விடுதலை தருவதாக வாக்களித்திருந்தேனே என்கின்றார். தனிமையும் வேலையின்மையும் அவளை அறிவுக்குக் கட்டுப்படச் செய்யும் என்று எழுதி, சிறையில் வைத்திருக்கவும் இசைகின்றார். குளிர்காலச் சிறையில் அபிகயில் நோயுற்றார். திரும்பி வர விரும்பினார். சாரா வீட்டுக்கு அழைத்துவந்து மருத்துவம் பார்த்தார். சில வாரங்களுக்குள் அபிகயில் இறந்தார்.

அன்பர்களே, இங்குச் சற்று நிற்போம்.

அபிகயில் ஏன் வெளியேறினார் என்று அக்கடிதங்கள் பல காரணங்களைத் தேடுகின்றன. மற்றப் பணிப்பெண் மீது பொறாமையா, சலவைப் பெண்ணின் ஆசை வார்த்தையா என்று ஆராய்கின்றன. தன் உழைப்புக்குக் கூலி வாங்கவும், தன் விருப்பப்படி வாழவும் ஒரு மனித உயிர் விரும்பியிருக்கலாம் என்ற காரணம் மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அதுவும் எந்நாளில்? ஒரு நாட்டின் விடுதலைக்கு அவ்வீட்டின் தலைவர் கையொப்பமிட்ட சில வாரங்களில்! இங்கிலாந்து மன்னரின் ஆட்சியைவிட்டு முப்பது இலட்சம் மக்கள் வெளியேறியது ஜேக்கு விளங்கிற்று. தம் வீட்டைவிட்டு ஒருத்தி வெளியேறியது விளங்கவில்லை.

அபிகயில் எழுதிய கடிதம் ஒன்றுகூட அக்கட்டில் இல்லை. நாம் அவரைப் பற்றி அறிந்தவை அனைத்தும், அவரைச் சிறையில் வைக்க இசைந்தவர்களின் மையினால் எழுதப்பட்டவை. பேசியவர் அவர், எழுதியவர் வேறு. துன்பப்பட்டவர் அவர், துன்பத்துக்குக் காரணம் கூறியவர் வேறு. எழுத்து இல்லாதவர் வரலாற்றில் இடம்பெற வேண்டுமானால் எசமானின் கடிதத்தில் ஒரு வரியாக மட்டுமே இடம்பெற முடிந்தது. நம் முன்னோர் எத்தனை பேர் பண்ணைக் கணக்கில் ஒரு பெயராக மட்டும், அதுவும் தந்தை பெயரின்றி, இருந்து மறைந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். அபிகயில் நமக்கு அயலவர் அல்லர் என்பது புரியும்.

அபிகயில் மறைந்த சில மாதங்களில், 1784 மார்ச்சு மாதம், ஜே ஓர் ஆவணம் எழுதினார். வழியில் மார்த்தினீக் தீவில் விலைக்கு வாங்கிய பெனுவா என்னும் இளைஞனுக்கான விடுதலை ஆவணம் அது. மாந்தர் அனைவரும் இயற்கையில் சம உரிமையுடையவர், அவரை அடிமைப்படுத்துவது அநீதி என்று அது தொடங்குகின்றது. ஆனால் அவனுக்காகச் செலவிட்ட பணத்துக்கு ஈடாக இன்னும் மூன்றாண்டுகள் உழைத்த பின்னரே விடுதலை என்று முடிகின்றது. முதற்பாதியில் நீதிபதி பேசுகின்றார். பிற்பாதியில் வணிகர் பேசுகின்றார். 1798 இல் வரி அலுவலர்க்கு எழுதியபோதும் இதே கணக்கைத்தான் சொன்னார்: அடிமைகளை வாங்குகின்றேன், தக்க அளவு உழைத்த பின் விடுவிக்கின்றேன்.

1793 இல் அவர் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பிலும் இது வெளிப்படுகின்றது. சிசம் என்பவர் தொடுத்த வழக்கில், ஜார்ஜியா மாநிலத்தின் மீது தனிமனிதர் வழக்காடலாம் என்று தீர்ப்புரைத்தார். இந்நாட்டில் மக்களே மன்னர். ஆளப்படும் குடிகள் எனத் தனியே எவரும் இல்லை என்றார். அவ்விடத்தில் அடைப்புக் குறிக்குள், அடிமைகளாயிருக்கும் ஆப்பிரிக்கர்களை அவ்வாறு கருதினாலன்றி என்று சேர்த்தார். மன்னர்கள் வாக்கியத்தில் இருந்தனர். அடிமைகள் அடைப்புக் குறிக்குள் இருந்தனர்.

இவ்வளவும் சொன்னதால் ஜேயைத் தூற்ற வந்தோம் என்று எண்ண வேண்டா. நியாயம் இரு பக்கமும் பார்ப்பது. 1785 இல் நியூயார்க்கில் அடிமை விடுதலைச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் ஜே. 1792 தேர்தலில் எதிரிகள் இதனையே குறையாகப் பரப்பியபோது, எந்நிறத்தவராயினும் மனிதனுக்கு விடுதலை இயற்கை உரிமை என்று கடிதம் எழுதி, கருத்தில் உறுதியாக நின்றார். 1799 மார்ச்சு 29 ஆம் நாள், ஆளுநராக, படிப்படியான ஒழிப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பென்சனுக்கு எழுதிய கடிதத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 19 ஆண்டுகள். அச்சட்டமும் அரைகுறையே. 1799 ஜூலை 4 ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கே விடுதலை. அதுவும் ஆண் 28 வயது வரை, பெண் 25 வயது வரை தாயின் எசமானுக்கு உழைத்த பின்னரே. முழு விடுதலை கிடைத்தது 1827 ஜூலை 4 ஆம் நாள். 1819 இல், முதுமையிலும், புதிய மாநிலங்களுக்கு அடிமை முறை பரவலாகாது என்று கடிதம் எழுதினார் ஜே.

ஆக, இம்மனிதர் அநீதியை அறியாதவர் அல்லர். அறிந்தவர், எழுதியவர், ஓரளவு செய்தவர். ஆனால் பிறர் வீட்டு அநீதிக்கு உடனடித் தீர்வும், தம் வீட்டு அநீதிக்குத் தவணைத் தீர்வும் வைத்திருந்தார். படிப்படியாக என்னும் சொல்லை நாமும் நிறையக் கேட்டிருக்கின்றோம். குளத்தில் இறங்க, கோயிலில் நுழைய, தேநீர்க் கடையில் ஒரே குவளையில் பருக, எல்லாவற்றுக்கும் காலம் வரட்டும் என்று நல்லவர்களே நமக்குச் சொல்லியிருக்கின்றனர். காத்திருப்பவன் யார், காத்திருக்கச் சொல்பவன் யார் என்று பார்த்தால் அச்சொல்லின் பொருள் விளங்கிவிடும்.

இனி, இக்கதையின் நல்ல பகுதிக்கு வருவோம். அந்த அடிமை விடுதலைச் சங்கம் 1787 இல் நியூயார்க்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தது. ஏறத்தாழ 40 பிள்ளைகளோடு ஓர் அறையில் தொடங்கிய பள்ளி அது. ஆப்பிரிக்க இலவசப் பள்ளி என்று பெயர். அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித். அடிமைத் தாய்க்கு 1813 இல் பிறந்தவர். 1824 இல் பிரெஞ்சுப் பெருவீரர் லபாயெத் அப்பள்ளிக்கு வந்தபோது வரவேற்புரை நிகழ்த்தியவர் 11 வயதுச் சிறுவனாகிய இவரே. அமெரிக்கக் கல்லூரிகள் நிறத்தைக் காட்டி இடம் மறுத்தன. கடல் கடந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1837 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினத்தவருள் மருத்துவப் பட்டம் பெற்ற முதல்வர் அவர். நியூயார்க் திரும்பி மருத்துவம் பார்த்தார். இதழ்களில் ஓயாது எழுதினார். அபிகயிலுக்காக ஒரு வரிகூடப் பிறர்தான் எழுத வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் அவ்வினத்தின் பிள்ளை, தன் இனத்துக்காகத் தானே எழுதினான். நடுவில் நின்றது என்ன? ஓர் அறையில் தொடங்கிய பள்ளிக்கூடம்.

தொடக்கத்தில் உறவு தானே விளங்கும் என்றோம். இதோ இன்னும் ஓர் உறவு. ஜே பயின்ற கிங்ஸ் கல்லூரி 1784 இல் கொலம்பியா எனப் பெயர் மாறிற்று. பின்னாளில் அது கொலம்பியா பல்கலைக்கழகமாயிற்று. ஜேயின் கடிதங்கள் இன்று அப்பல்கலைக்கழக நூலகத்தில்தான் காக்கப்படுகின்றன. அதே பல்கலைக்கழகத்தின் வாயிலில் 1913 ஆம் ஆண்டு ஓர் இந்திய இளைஞர் நுழைந்தார். அவர் நம் அண்ணல் அம்பேத்கர். அங்கு 1915 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1952 இல் அப்பல்கலைக்கழகமே அவரை அழைத்து மதிப்பியல் டாக்டர் பட்டம் வழங்கிற்று.

அண்ணலும் ஒரு கடிதம் எழுதினார். 1946 இல், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு எழுதிய கடிதம் அது. தீண்டப்படாதார் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டிருந்தார். டூபாய்ஸ் அவ்வாண்டு ஜூலை 31 ஆம் நாள் அன்போடு மறுமொழி எழுதினார். இரண்டு கடிதங்களும் இன்றும் இருக்கின்றன. அபிகயிலின் இனத்தவர் ஒருவரும் நம் இனத்தவர் ஒருவரும் எவர் கையையும் எதிர்பாராமல், தம் கையால், தம் பெயரிட்டு எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. ஜேயின் தொகுதிகள் அனைத்தையும் ஒரு தட்டிலும் இவ்விரு கடிதங்களையும் மறு தட்டிலும் வைத்தால் தராசு எப்பக்கம் தாழும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! கடிதம் எழுதுக என்னும் வினா தேர்வுத்தாளில் வரும்போது அதை மதிப்பெண்ணுக்கான வினா என்று மட்டும் எண்ணாதீர்கள். மனு எழுதத் தெரிந்தவன் வீட்டில் அடுத்தவன் வந்து அதிகாரம் செய்ய முடியாது. சாதிச் சான்றிதழுக்கும், உதவித்தொகைக்கும், குடிமனைப் பட்டாவுக்கும் மனு எழுத நம் தாய்மார்கள் இன்னும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கின்றனர். அம்மனுவை நீங்கள் எழுதுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். நாள் இடுங்கள், படி ஒன்று எடுத்து வையுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஜேயிடமிருந்து நாம் கற்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று: எழுதியதை எறியாதீர்கள்.

கழகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த 25 ஆண்டுகளில் கழகத்துக்கு வந்த கடிதங்களும், கழகம் அனுப்பிய மனுக்களும், முதல் பட்டதாரிப் பிள்ளை எழுதிய நன்றி மடலும் எங்கேனும் ஒரு பெட்டியில் இருக்கும். அவற்றை வகைப்படுத்திக் கட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத முதியோர்கள் சொல்லும் செய்திகளை அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பொன்விழாவிலே நம் வரலாற்றை எழுத வருபவர்க்கு நம் கையெழுத்தே சான்றாக இருக்கட்டும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய வரிகளில் நம்மைத் தேடும் நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டா.

நீதியரசரின் கடிதங்களை உலகம் படிக்கின்றது. அபிகயிலின் கடிதம் எழுதப்படாமலேயே போயிற்று. அவ்வாறு எழுதப்படாமற்போகும் கடிதம் இவ்வூரில் ஒன்றுகூட இருத்தலாகாது என்பதற்காகவே இக்கழகம் வாழ வேண்டும், வளர வேண்டும்.